முராத் ஸஃப்வத் ஷஹாத்தாவின் தாயிடம் சொன்ன பொய்

ஷஹாத்தாவின் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபோது ஷஹாத்தாவுக்குப் பதினேழு வயது. தம்பி ஸப்ரி இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. ஷுப்ராவில் டிராம் தடத்தை ஒட்டிய சந்தில் இருந்த இஸ்திரிக் கடையில் ஷஹாத்தா வேலைக்குச் சேர்ந்தான். வாய் நிறையத் தண்ணீரை அடக்கி, துணியின்மேல் சாரலாக ஊதி, காலால் மிதித்துத் தள்ளுகிற கனத்த இரும்புப் பெட்டியால் தேய்க்கும் வேலை. ஆறேழு வருஷத்தில் கிழட்டு முதலாளி கண்ணை மூடினார். பிள்ளைகள் இல்லாதவர் என்பதால் கடை ஷஹாத்தாவின் கைக்கே வந்து சேர்ந்தது.

பிரமிடு சாலையில் இருந்த ஒரு ஸ்டூடியோவின் உடைகள் அந்தக் கடையில்தான் இஸ்திரிக்கு வரும். 1953-இல் ஒரு காலை, தேய்த்த ராணுவச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோ முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து யாரோ, "உஸ்தாத் முராத்! மேக்கப் முடிஞ்சுதா?" என்று கத்தினார்கள். அவன் பாட்டுக்கு நடந்தான். ஓடி வந்து தோளைத் தொட்ட உதவி டைரக்டர் லம்யீ, அவன் திரும்பியதும் இரண்டடி பின்வாங்கிவிட்டார்.

"அடப்பாவி! யாருப்பா நீ?"

"இஸ்திரிக்கடை ஷஹாத்தா."

"முன்னாடி பாத்தா இஸ்திரிக்கடை. பின்னாடி பாத்தா முராத் ஸஃப்வத். குதிரை ஏறத் தெரியுமா?"

"கழுதை ஏறியிருக்கேன்."

"அது போதும், வா."

முராத் ஸஃப்வத் அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தார். மன்ஸூராவில் ஒரு பள்ளி வாத்தியாரின் மகன். சட்டம் படிக்கக் கெய்ரோவுக்கு வந்து, பரீட்சை எழுதாமல் நாடகக் கொட்டகையில் புகுந்துகொண்டவர். ஐந்து வருஷம் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரனாகவே மேடையில் நின்றார். பிறகு ஒரு படத்தில் கதாநாயகனின் அண்ணனாக வந்து, பத்தே நிமிஷம் பேசிச் செத்துப்போனார். ஜனங்கள் கதாநாயகனை விட்டுவிட்டு அந்தச் செத்த அண்ணனைப் பற்றியே பேசினார்கள். அதற்கடுத்த மூன்று படங்களில் அவர்தான் நாயகன். ஆனால் குதிரையென்றால் பயம்.

கழுதை ஏறியவன் அன்று குதிரையிலிருந்து விழுந்து கழுத்துப்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். மறுநாள் முராத் ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டில் கால் முறிந்து கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"என் கழுத்துப்பட்டை எலும்பை உடைச்சுட்டியாமே?" என்றார் முராத்.

"உங்களோடதா, என்னோடதா உஸ்தாத்?"

"படத்துல என்னோடது. வலி மட்டும் உன்னோடது. அதான் எனக்கு வெக்கமா இருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்காகவே ஷஹாத்தா அவரோடு இருந்துவிட்டான். காலையில் கடை, அழைப்பு வந்தால் ஸ்டூடியோ. நைல் நதியில் குதித்தது அவன். எரியும் வீட்டுக்குள் புகுந்தது அவன். படம் முடியும்போது எல்லாவற்றையும் இழந்த நாயகன் நீண்ட சாலையில் தனியாக நடந்து போவான் அல்லவா, அந்த நடையும் பல படங்களில் அவனுடையதுதான். முராத்துக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். சின்ன வயதில் தோள்மேல் மாவு மூட்டை தூக்கியதால் வந்த தாழ்வு. ஷஹாத்தா அந்தத் தோளைக் கற்றுக்கொண்டான். கற்றது வீட்டிலும் விடவில்லை.

"இங்க ஒண்ணும் கேமரா வெக்கலை. தோளை நிமுத்திக்கிட்டுப் போய் ரொட்டி வாங்கிட்டு வாங்க," என்பாள் அவன் மனைவி இன்ஸாஃப்.

காபிக்கடையில் இந்தப் பெருமையை ஒருநாள் எடுத்துவிட்டான். சொந்தப் பல் ஒன்றுகூட இல்லாத நாவிதர் ஒருவர் கேட்டார்: "அப்ப நான் தேம்பித் தேம்பி அழுதது உன் முதுகைப் பாத்தா?"

"ஆமாம்."

"என் கண்ணீரைத் திருப்பிக் குடுடா, திருட்டுப் பயலே!"

கடையே சிரித்தது. ஷஹாத்தாவும் சிரித்தான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவனுக்கு 'முதுகு உஸ்தாத்' என்று பெயர்.

தம்பி ஸப்ரியை ஷஹாத்தா தம்பியாக வளர்க்கவில்லை, பிள்ளையாக வளர்த்தான். ஸப்ரி ரேடியோ பழுதுபார்க்கும் வேலை கற்றுக்கொண்டான். அடுத்த சந்தில் துணி தைக்கும் ஹிக்மத் என்ற பெண்ணோடு நிச்சயமும் ஆயிற்று. 1966-இல் அவனை ராணுவத்துக்கு எடுத்தார்கள். அடுத்த வருஷம் மே மாதம் அவன் சினாய்ப் பாலைவன எல்லைப் பக்கம் போனான்.

அதே மாதம் படைவீரர்களை உற்சாகப்படுத்த நடிகர்களையும் பாடகர்களையும் பஸ்ஸில் சினாயில் இருக்கும் அரீஷுக்குக் கூட்டிப்போனார்கள். முராத்தும் போனார். திரும்பி வந்தவரிடம் ஷஹாத்தா முதலில் கேட்டது தம்பியைத்தான்.

"ஆயிரக்கணக்கான பேருடா. எல்லாத் தலையும் ஒரே மாதிரி மொட்டை. எங்கே போய்த் தேடுறது?" என்றார் முராத்.

ஜூன் மாதம் போர் மூண்டு, ஆறே நாளில் எல்லாம் முடிந்தது. ரேடியோ சொன்னது ஒன்று, ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் சொன்னது வேறு. காலில் துணி சுற்றிக்கொண்டு, உதடு வெடித்து, கண்ணை நிமிர்த்தாமல் இறங்கினார்கள். ஷஹாத்தா தம்பியின் போட்டோவை நீட்டி நீட்டிக் கேட்டான். சிலர் தலையசைத்தார்கள். சிலர் போட்டோவைப் பார்க்கக்கூட இல்லை.

ஒரு வாரம் கழித்து முராத் தன் காரோடு கடை வாசலில் வந்து நின்றார். "ஏறு. விசாரிப்போம்."

இரண்டு வாரம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். அந்த முகத்துக்குத் திறக்காத கதவு கெய்ரோவில் இல்லை. வாசலில் நிற்கும் சிப்பாய் சல்யூட் அடிப்பான். உள்ளே அதிகாரி எழுந்து நின்று காபி வரவழைப்பார், மனைவிக்காக ஒரு கையெழுத்துப் போட்ட படம் கேட்பார். பிறகு நோட்டைப் புரட்டுவார். ஸப்ரியின் பெயர் இறந்தவர் பட்டியலிலும் இல்லை, மருத்துவமனைப் பட்டியலிலும் இல்லை. ஒரு மேஜர் மட்டும் கதவைச் சாத்திவிட்டு, "உஸ்தாத், எங்ககிட்ட சரியான பட்டியலே இல்லை," என்றார்.

வீட்டில் அம்மா நபவிய்யா சாப்பாட்டை நிறுத்தியிருந்தாள். வாய் திறந்தால் தண்ணீர் மட்டும். ஜன்னல் கண்ணாடிகளுக்கு விமானத் தாக்குதலுக்குப் பயந்து நீல வண்ணம் பூசியிருந்தார்கள். அந்த நீல வெளிச்சத்தில் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். "ரெண்டாவது சாவும் இந்த வீட்லதான் விழப்போகுது," என்று அழுதாள் இன்ஸாஃப்.

இதை ஷஹாத்தா சொல்லக் கேட்டுத்தான் முராத் அன்று நண்பகலில் நான்கு மாடி ஏறி வந்தார். அம்மாவின் கட்டிலருகே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் அவரையே பார்த்தாள்.

"நீங்க அங்க போனீங்களே ஐயா. சண்டைக்கு முன்னாடி, பஸ்ஸுல. என் ஸப்ரியைப் பாத்தீங்களா?"

ஷஹாத்தா வாயைத் திறந்தான். அவன் சொல்வதற்கு முன்னால் முராத் சொன்னார்:

"பாத்தேம்மா."

அவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"கூட்டத்துல முண்டியடிச்சுக்கிட்டு வந்தான். 'நான் ஷஹாத்தா தம்பி'ன்னான். எனக்குத் தெரியாதாடான்னேன். உக்காந்து டீ குடிச்சோம்."

"இளைச்சிருந்தானா?"

"கறுத்திருந்தான். இளைக்கலை."

"டீயில சக்கரை போட்டாங்களா? நாலு கரண்டி இல்லாம குடிக்க மாட்டான்."

"அஞ்சு போட்டான். நான் திட்டினேன்."

அம்மா சிரித்தாள். மூன்று வாரத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவள் கேட்டுக்கொண்டே போனாள். கேள்வி வரவர முராத் சொல்லிக்கொண்டே போனார். அவனுடைய மேலதிகாரி தனக்குத் தெரிந்தவர் என்றார். அந்தப் பிரிவை எதிரிகள் கைதியாகப் பிடித்துப் போயிருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள், நாளானாலும் வருவார்கள் என்றார். ஒவ்வொரு சொல்லும் நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது. ஷஹாத்தா சுவரில் சாய்ந்து நின்றான். 'பொய்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அம்மா இன்ஸாஃபைக் கூப்பிட்டு, "கொஞ்சம் ரொட்டி கொண்டு வாடி," என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

படியிறங்கும்போது இரண்டாவது மாடியில் முராத்தின் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏன் உஸ்தாத் அப்படிச் சொன்னீங்க?"

"தெரியலைடா. அந்தக் கண்ணைப் பாத்ததும் வாய் தானா பேசிடுச்சு."

"அவன் வரலைன்னா?"

"வந்துட்டா?"

ஷஹாத்தாவும் உள்ளுக்குள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முராத் வருவார். அம்மா முலூக்கியாக் கீரையும் முயல் கறியும் செய்து காத்திருப்பாள். வாரா வாரம் அதே கதை. புதிதாக ஏதாவது கேட்டால் புதிதாக ஏதாவது சேரும். அம்மா உடம்பு தேறினாள். சிறையில் குளிருமே என்று கம்பளிச் சட்டை பின்னினாள். ஹிக்மத்தை ஒரு தபால் அலுவலகக் குமாஸ்தா பெண் கேட்டு வந்தான். அவள் அப்பாவுக்குச் சம்மதம். நபவிய்யா நேரே அந்த வீட்டுக்குப் போய், "என் பையன் உயிரோட இருக்கான். முராத் ஸஃப்வத்தே பாத்திருக்காரு. வேற எவனுக்கும் குடுத்துடாதீங்க," என்று கேட்டாள். ஹிக்மத்தும் "காத்திருக்கேன்" என்றாள். குமாஸ்தா வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

இதை ஷஹாத்தா சொன்னபோது முராத் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்," என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் கைதிகள் திரும்பினார்கள். அம்மா புது ஜல்லாபியா அங்கி உடுத்தி, பின்னிய கம்பளிச் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஷஹாத்தா நிலையத்தில் மூன்று நாள் நின்றான். மூன்றாம் நாள் போட்டோவைப் பார்த்து ஒருவன் நின்றான். ஸோஹாகைச் சேர்ந்தவன், பிஷாய் என்று பெயர், மணிக்கட்டில் சிலுவை பச்சை குத்தியிருந்தது.

"ரேடியோ ஸப்ரி," என்றான். "நீங்க அண்ணனா? முதுகு உஸ்தாத்?"

ஷஹாத்தா தலையை ஆட்டினான்.

"ரெண்டாம் நாளே போயிட்டான்ணே. விமானம் தாழப் பறந்து சுட்டுது. வயர்லெஸ் பெட்டியை விட்டுட்டு ஓடுடான்னு கத்தினோம். பெட்டியை எடுத்துக்கிட்டு வரேன்னான். நாங்க நாலு பேர் கையாலயே மண்ணைத் தோண்டிப் புதைச்சோம். உங்க முறைப்படி என்ன ஓதணும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் ஒருத்தன் ஓதினான். நானும் கூட நின்னேன்."

ஷஹாத்தா அவனைக் கட்டிக்கொண்டு நடைமேடையிலேயே அழுதான். பிறகு வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஸ்டூடியோவுக்குப் போனான். அங்கே ஒரு நகைச்சுவைப் படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. முராத் பெரிய கட்டம் போட்ட கோட்டும் ஒட்டு மீசையுமாக நின்றார். ஷஹாத்தாவைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீயே சொல்லிடேன்," என்றார் மெதுவாக.

"நான் சொன்னா சாவுச் செய்தி மட்டும்தான் சொல்ல முடியும். மத்தது உங்களோடது. நீங்கதான் வரணும்."

மீசையைப் பிய்த்து மேஜைமேல் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார்.

நான்காவது மாடியில் அம்மா எழுந்து நின்று அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் ஏறி வரவில்லை. முராத் தரையில் உட்கார்ந்தார். எகிப்து முழுக்க அடையாளம் தெரிந்த அந்தக் குரல் அன்று சரியாக எழும்பவில்லை.

"அம்மா, ஸப்ரி போர் தொடங்கின ரெண்டாம் நாளே போயிட்டான். நான் அவனை அரீஷுல பாக்கவே இல்லை. நான் சொன்னதெல்லாம் பொய்."

இன்ஸாஃப் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். அம்மா கத்தவில்லை. கம்பளிச் சட்டையின் ஒரு நூலைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"டீ குடிச்சோம்னீங்களே. அதுவுமா?"

"அதுவும்தாம்மா."

"ஏழு மாசமா ராவும் பகலும் அந்த டீயைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். எம் பிள்ளை கடைசியா நல்லபடியா உக்காந்து ஒரு டீ குடிச்சான்னு." விரலில் சுற்றிய நூலை அவிழ்த்தாள். "அவன் செத்த அன்னிக்கே அழுதிருப்பேனே ஐயா. எல்லாத் தாயும் அழுதாங்களே, நானும் அவங்களோட சேந்து அழுதிருப்பேன். இப்ப நான் மட்டும் தனியா அழணும்."

முராத் அவள் கையைப் பிடித்து முத்தமிடக் குனிந்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"போங்க. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

அவர் போன பிறகு ஷஹாத்தாவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அவரைப் போகச் சொல்லிட்டேன். நீ எம் பிள்ளை. உன்னை எங்க போகச் சொல்றது?"

வாழ்நாளில் அவன் வாங்கிய அடிகளில் அதுதான் பெரியது. குதிரையிலிருந்து விழுந்தது அதன் முன்னால் ஒன்றுமில்லை.

ஹிக்மத்தின் வீட்டுக்கு ஷஹாத்தாவே போய்ச் சொன்னான். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள். "அவர் பேர்ல எனக்குக் கோபம் இல்லை. எனக்கும் அது நெஜமா இருக்கணும்னு இருந்துச்சு," என்றாள். அவளுக்குக் கல்யாணமாக இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு தந்தாவுக்குப் போனாள்.

ஷஹாத்தா ஸ்டூடியோவுக்குப் போவதை நிறுத்தினான். அவரும் ஆளனுப்பவில்லை. அடுத்த வருஷம் வந்த படத்தில் கடைசி நடையை வேறொருவன் நடந்தான். "உஸ்தாத் முராத்துக்கு வயசாயிடுச்சு போலிருக்கு, நடையே சரியில்லை," என்றார் காபிக்கடையில் நாவிதர். ஷஹாத்தா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். கிண்டல் செய்ய வாயெடுத்தவர்கள் அவன் போன விதத்தைப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

நபவிய்யா அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல் இருந்தாள். அந்தக் காலத்தில் முராத்தின் பெயரை ஒருமுறைகூட எடுக்கவில்லை. ரேடியோவில் அவர் குரல் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அணைக்கச் சொல்லவும் மாட்டாள். கம்பளிச் சட்டையைப் பிஷாய்க்குத் தபாலில் அனுப்பினாள். ஒரு வசந்த காலத்தில் நெஞ்சு வலியென்று படுத்து, இரண்டே நாளில் போய்விட்டாள்.

தெருவில் துக்கப் பந்தல் போட்டார்கள். மாலையில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தபோது பந்தலின் ஒரு பக்கம் சலசலத்தது. முராத் தனியாக நடந்து வந்திருந்தார். எழுந்தவர்களைக் கையமர்த்திவிட்டு, கடைசி வரிசையில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்தார். துக்கத்தில் எல்லோருக்கும் தருகிற சர்க்கரையில்லாத காபியைக் குடித்தார். ஓதல் முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து ஷஹாத்தாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அவர் முறை வந்தது.

"மேல வாங்க உஸ்தாத். ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க," என்றான் ஷஹாத்தா.

"ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா," என்றார் அவர். கையை விட்டுவிட்டு, வந்த வழியே நடந்தார். ஷஹாத்தா அந்தப் போக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் அவருடைய முதுகை அவன் நின்று பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு அவனே ஸ்டூடியோவுக்குப் போனான். இருவரும் பழையபடி வேலை பார்த்தார்கள். பழையபடி பேசிக்கொள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேச்சு வந்தது, அதுவும் முதலில் கால் வலியைப் பற்றி. முராத் அதற்குப் பிறகு ராணுவ உடை போட்டு நடிக்கவில்லை. தயாரிப்பாளர்கள் காரணம் கேட்டால் தொப்பை போட்டுவிட்டது என்பார். அப்பா வேடங்களுக்கு மாறினார். அதில்தான் இன்னும் பெரிய பெயர் வந்தது. மகனைப் பறிகொடுத்த தகப்பனாக ஒரு படத்தில் ஒரு சொல்கூடப் பேசாமல் ஒரு கம்பளிச் சட்டையை மடிப்பார். தியேட்டரில் அழாதவர் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஷஹாத்தா அந்தக் காட்சியின்போது படப்பிடிப்பிலிருந்து வெளியே போய்விட்டான். முராத் அதை நடித்தது சரியா தவறா என்று அவனால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

1979-இல் முராத்துக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. மனைவி முன்பே இறந்திருந்தார், மகள் வெளிநாட்டில். ஷஹாத்தா தினமும் காலையில் டிராமில் அவர் குடியிருந்த ஜமாலிக்குக்குப் போய் அவரைக் கைத்தாங்கலாக நைல் கரையில் நடத்திச் செல்வான். பழ வண்டிக்காரர்கள் "ஆண்டவன் சுகம் குடுக்கட்டும் உஸ்தாத்!" என்பார்கள். அவர் நல்ல கையை உயர்த்துவார்.

ஒருநாள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, கோணிய வாயால் கேட்டார்: "அம்மா போறதுக்கு முன்னாடி... என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

நீரில் ஒரு படகு மணல் ஏற்றிக்கொண்டு போனது. மன்னித்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம். கேட்பவர் உயிரோடிருக்கப்போவது இன்னும் சில மாதம். அவர் கண்ணைப் பார்த்தால் தானும் சொல்லிவிடுவோம் என்று ஷஹாத்தாவுக்குப் பயம் வந்தது. படகையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இல்லை உஸ்தாத். ஒரு வார்த்தையும் சொல்லலை."

முராத் அவன் முழங்கையைப் பிடித்து எழுந்தார். "நல்லது. வா, நடப்போம்," என்றார்.

அவர் அந்த வருஷக் கடைசியில் இறந்தார். சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க அமைச்சர்களும் நடிகர்களும் முண்டியடித்தார்கள். ஷஹாத்தாவுக்கு இடம் கிடைக்கவில்லை. கூட்டத்தோடு பள்ளிவாசல்வரை நடந்தான், தொழுதான், டிராம் பிடித்து ஷுப்ராவுக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இஸ்திரிக் கடை நடத்தினான். யாராவது பழைய படங்களைப் பற்றிக் கேட்டால் குதிரைக் கதையைச் சொல்வான். மற்றதை இன்ஸாஃபைத் தவிர யாரிடமும் பேசியதில்லை. அவளும் அவன் இறந்த பிறகுதான் இதை மற்றவர்களிடம் சொன்னாள்.